பின்னணி வெள்ளை

போயாவுக்கு ஸ்டூடியோ பூட்டு.
நிலவு தருகிற சம்பளமில்லாத லீவு.
நாலரைக்கு எழும்பி
நௌபீலிடம் இரவல் வாங்கிய முந்நூறு லென்ஸைச்
சாரத்தில் சுற்றி, முட்டை கொண்டுபோகிற மாதிரி
ஸ்கூட்டியை மெதுவாக உருட்டினேன்.

மண்முனைப் பாலம் தாண்டினால் படுவான்கரை.
சூரியன் படுகிற கரை என்று பெயர் வைத்தவர்கள்
மாதம் ஒருநாள் முழு நிலவும்
அங்கேதான் படுகிறது என்பதைக்
கணக்கில் எடுத்தார்களோ தெரியாது.

தாந்தாமலை றோட்டில், மூன்றாவது மதகடியில்,
பனி.
ஒஸ்லோவிலிருந்து மச்சாள் அனுப்பும் படங்களிலும் பனிதான்.
கார் கூரையில் ஒரு முழம். அள்ளலாம், எறியலாம்,
பொம்மை பிடித்துக் கரட்டால் மூக்கு வைக்கலாம்.
எங்கள் பனிக்குள் கையை விட்டால்
கை நனையும், அவ்வளவுதான்.
அதற்கும் இதற்கும் ஒரே சொல்.
“உங்கட பனியில நிலவு படுறதை
ஒருக்கா எடுத்து அனுப்படி” என்றிருந்தாள்.

கதிர் வந்த வட்டை முழுக்க வெள்ளை.
வரம்பில்லை, வாய்க்காலில்லை,
யாருடைய காணி என்ற வழக்குமில்லை.
மின்கம்பங்கள் இடுப்பளவில் நின்றன.
மேலே, குடும்பிமலை இருக்கவேண்டிய இடத்துக்குக்
கொஞ்சம் தெற்கே,
முழு முகம். நேர்ப் பார்வை. சிரிப்பில்லை.
பாஸ்போர்ட்டுக்கு இருக்கிற ஆள்.

எட்டு வருடமாக என் தொழிலும் இதுதான்.
வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூல்.
நாடியை இறக்குங்கோ. காது ரெண்டும் தெரியோணும்.
பல்லைக் காட்டாதேங்கோ.
கட்டார், குவைத், ருமேனியா.
படுவான்கரைக்கு அங்காலும்
படுகிற கரைகள் இருக்கின்றன.

கமெராவுக்கு வெள்ளையை நம்பத் தெரியாது.
கண்டவுடன் சாம்பல் என்று எழுதிவிடும்.
ஒரு படி கூட்டவேண்டும்.
கூட்டினால் பனி பனியாகும், நிலவு ஓட்டையாகும்.
குறைத்தால் நிலவின் தழும்பெல்லாம் தெரியும்,
வயல் கரியாகும்.
இரண்டும் இணங்கிவருவது
முதுகுப்பக்கம் கிழக்கு வெளுக்கிற ஏழெட்டு நிமிஷம்.
அதற்குத்தான் இருந்தேன்.

ஆறு ஒன்பது.
“ஆரது? லைட்டை நூத்திடு புள்ள!”
பரணிலிருந்து குரல்.
“அங்கால நிக்குது.”
எது என்று கேட்கவில்லை. இந்த றோட்டில் அது என்றால் அதுதான்.
எங்கே என்று கேட்டேன்.
“பனிக்குள்ள.”

ஸ்கூட்டியை அணைத்தேன்.
முகத்தில் எரிந்த கமெராத் திரையைக் கையால் பொத்தினேன்.
நெல் முறிகிற சத்தம், அவசரமில்லாமல்,
யாரோ தங்கள் வீட்டில் இருந்து சாப்பிடுவதுபோல.
அவ்வளவு வெள்ளைக்குள் எந்த இடம் கறுப்பு?
நிலவு கம்பியில் இறங்கியது. பனியில் இறங்கியது.
நான் பார்த்ததிலேயே சரியான வெளிச்சம்
லென்ஸுக்கு முன்னால் சும்மா போய்க்கொண்டிருந்தது.
ஒரு கிளிக் சத்தத்துக்குப் பயந்து
விரலை மடக்கி வைத்திருந்தேன்.

பிறகு யானைவெடி.
பனி ஒருமுறை குலுங்கியது.
கொக்குகள் வயலிலிருந்து பிய்ந்து எழும்பின.
விரல் அழுத்தியிருக்கிறது.

ஒரேயொரு படம், சரிந்து.
மூலையில் நிலவு, அரைவாசி, மசமசவென்று.
பரணால் இறங்கி வந்த கிருபைராசா
“ரெண்டு வரவை போச்சு” என்றார். கொட்டாவி விட்டார்.
“உதுக்குள்ள பாரு, எந்தப் பக்கம் போன எண்டு.”
பெருப்பித்தேன். சாம்பல் புள்ளிகள்.
அவர் விரல் வைத்தார்: “இந்தா.”
பற்றை என்றேன் நான்.
சின்னத் திரைக்கு மேலே இரண்டு தலைகள்.
பின்னால் சூரியன் வந்ததைக் கவனிக்கவில்லை.

மச்சாள் எழுதினாள்:
ஐயோ வடிவு! உங்களுக்கும் எவ்வளவு பனி!
பெருப்பித்துப் பார் என்று எழுதி, அழித்தேன்.

மறுநாள் ஸ்டூலில் ஒரு பொடியன், தலை இன்னும் ஈரம்.
நாடியை இறக்கினான். சிரிக்கவில்லை.
ஒரு படி கூட்டினேன்.
அழுத்துமுன்
அவனுக்குப் பின்னாலிருந்த துணியை
இரண்டுதரம் பார்த்தேன்.